ஆலை நின்ற மத்தியானம்

எங்கள் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இப்படிச் சொன்னால் சோம்பேறிக் குடும்பம் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்டு. அவருடைய தம்பிக்கு விடியற்கால ஷிப்டு. இருவரும் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கிறவர்கள். அண்ணனை மேலே கொண்டுவந்து விடும் கேஜிலேயே, அதாவது ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டிலேயே, தம்பி கீழே இறங்குவான். அண்ணன் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் பகலெல்லாம் பாயில் கிடப்பார். பொழுது சாய்ந்ததும் அதே பாயில் தம்பி விழுவான். அந்தப் பாய் ஆறி நான் பார்த்ததில்லை. நடுவில் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் விழித்திருந்தால், அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் ஒருவர் தூங்குவார். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டி. அதில் ஓட்டை வேறு.

பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து லைன்களில், சுரங்கத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட எல்லா வீடுகளும் இப்படித்தான். ஆள் தூங்குகிற வீட்டு வாசலில் ஒரு கோணியைத் தொங்கவிடுவோம். அதைப் பார்த்தால் கீரைக்காரி கூவமாட்டாள், கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையால் சாடை காட்டுவாள். நாங்களும் சாடையிலேயே பேரம் பேசுவோம். பிள்ளைகள் ஓடி வந்தால் கோணியைக் கண்டதும் கால் விரலை ஊன்றி நடக்கும். புதிதாக ஊரிலிருந்து வந்தவர்கள் எங்களைப் பார்த்தால் ஏதோ துக்க வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பயந்துபோவார்கள்.

அதே லைனுக்குப் பின்னால்தான் ஆலை இருந்தது. சுரங்கத்திலிருந்து வரும் பாறையை இரும்பு உலக்கைகள் இடித்துப் பொடியாக்கும். அது இரவும் பகலும் ஓடும். முதல் வாரம் எனக்குத் தலைக்குள்ளேயே யாரோ நெல் குத்துவது போலிருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், அத்தனை இடியிலும் ஆண்கள் அசையாமல் தூங்குவார்கள், ஒரு கரண்டி கீழே விழுந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டு முறைப்பார்கள். வெளியே வந்தால் ஆலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டும். உள்ளே போனால் காதோடு காதாகக் கிசுகிசுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் பேசுகிற ஒரு குரல் உண்டு, அது எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் கிடைத்தது.

எனக்கு இது பெரிய தண்டனை. வேலூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் பாட்டும் படித்தவள் நான். கீர்த்தனை பாடினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தொண்டையோடு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து வாயை மூடிக்கொண்டேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், கோபத்தை என்ன செய்வது? எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கிசுகிசுத்துத் திட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பாதித் திட்டு நெஞ்சிலேயே நின்றுவிடும், சோறு இறங்காது.

என் மகள் இந்த வீட்டில்தான் பிறந்தாள். அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் உதட்டின் மேல் வைத்த என் விரல். குப்புற விழுவதற்கு முன்பே அவளுக்கு அது தெரியும். விரலைக் காட்டினால் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். சமத்துப் பிள்ளை என்று லைனே மெச்சியது. எனக்கும் பெருமைதான்.

மற்றப் பிள்ளைகள் இரண்டு வயதில் மழலை பேசின. இவள் பேசவில்லை. மூன்றும் முடிந்தது, அப்போதும் பேசவில்லை. சொன்னது எல்லாம் புரியும். செம்பை எடுத்து வா என்று சாடை காட்டினால் எடுத்து வருவாள். முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பாள், ஆகவே காது கேட்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டினோம். நாக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, நாக்கில் கோளாறு இல்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் என் பேச்சு எடுத்தவர்கள் ‘ஊமைப் பொண்ணு வீட்டுக்காரி’ என்றார்கள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். அவளோடு ஒரு வருஷம் நான் பேசவில்லை.

விளக்கு வைத்ததும், வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஜெபம். கொழுந்தன் அதற்குள் படுத்திருப்பான், ஆகையால் அதுவும் கிசுகிசு ஜெபம்தான். வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெடிச் சத்தத்திலும் துளைக்கிற சத்தத்திலும் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, நான் என்ன ஜெபிக்கிறேன் என்பது அவருக்குக் கேட்காது. ஆமென் வந்ததும் அவர் தொடையில் தட்டுவேன், எழுந்துகொள்வார். மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொல்வேன். ஒவ்வொரு நாளும் மூன்றே விண்ணப்பம்தான். இவரை மேலே கொண்டுவந்து விடும். இவர் தம்பியை மேலே கொண்டுவந்து விடும். என் பெண்ணுக்குப் பேச்சைக் கொடும். அவளும் என்னைப் பார்த்து உதட்டை அசைப்பாள். குரங்குக்குட்டி மாதிரி நான் செய்வதையெல்லாம் செய்கிறாள் என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வரும்.

இதற்கிடையில் ஒரு மகன் பிறந்தான். அவன் அவளுக்கு நேர்மாறு. விரலைக் காட்டினால் இன்னும் உரக்கக் கத்துவான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதே என் வேலையாகிப் போனது. ஆனால் ஒன்று. தூளியில் அவன் அழும்போது மகள் போய் அவன் காதில் வாயை வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான். காதில் ஊதுகிறாள், கூச்சத்தில் அழுகையை மறக்கிறான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். லைன் ஓரத்தில் வேப்ப மரத்தடியில் இருந்த மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுவாள். எனக்கு இரண்டு பிரசவமும் பார்த்தவள் அவள்தான். ஒருநாள் வெளியில் துணி பிழியும்போது என் காதருகில் வந்து கத்தினாள்.

“பூமித்தாய் வயித்தக் கிளிக்கிறோம் இல்ல, அதான் எவுங்களோ ஒருத்தர் வூட்டுல வாயக் கட்டிப்பூடுது. நான் அம்மனாண்ட வேண்டிக்கினேன். கொயந்தை பேசிச்சின்னா வெள்ளியில நாக்கு செஞ்சி போட்டுடுறேன்னு.”

“அக்கா, நாங்க வேதக்காரங்க. நீங்க இன்னாத்துக்கு எங்களுக்கோசரம் வேண்டிக்கிறீங்க?”

“நீ உன் சாமியாண்ட சொல்லு. உன்ன யாரு வேணான்னது? நான் என் சாமியாண்ட சொல்றேன். ரெண்டுல எது முந்திக்கிதோ முந்திக்கட்டும்.”

எங்கள் கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியாரிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது, லைனில் எதுதான் ஒளிந்திருக்கும். அவர் கோபப்படவில்லை, நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிள்ளைக்காக விசேஷ ஜெபம் வைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று, ஒருவரை மிஞ்சி ஒருவர் உரக்க ஜெபித்தார்கள். மகள் என் புடவைத் தலைப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினாள். அவளுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று நடுங்குகிறது என்று ஒரு பாட்டையா சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கோயில் என்று பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் அவர் சொன்னார், பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று. ஆற்காட்டுப் பக்கத்தில் அவருடைய அக்கா இருக்கிறார். பிள்ளை இல்லாதவர், பாசமாகத்தான் வைத்துக்கொள்வார்.

“இந்த மண்ணு அதுக்கு ஆவல. அங்க மாடு கன்னு, கோயி, பசங்கன்னு எப்பவும் கத்தினு கெடக்கும். கேட்டு கேட்டு அதுவும் பேசும்.”

“பேசலன்னா?” என்று அவர் முகத்துக்கு நேரே கையை விரித்துக் கேட்டேன்.

“பேசலன்னா அங்கியே வளரட்டும். இங்க ஊமை ஊமைன்னு கூப்புடறானுங்க, என் காதுலியே வுயுது. உன் காதுல வுயல?”

காது மந்தமானவரின் காதிலேயே விழுந்திருக்கிறது என்றால் எவ்வளவு உரக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அன்று நாங்கள் போட்டது பெரிய சண்டை. கொழுந்தன் தூங்குகிறான், ஆகையால் முழுச் சண்டையும் சாடையும் கிசுகிசுப்பும்தான். அவருக்கு என் கிசுகிசுப்பு கேட்காது, நான் கையை ஆட்டி ஆட்டித் திட்டினேன். பெற்ற பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று ஒருமுறையாவது வாய்விட்டுக் கத்தியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும். மகள் மூலையில் உட்கார்ந்து இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒப்புக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, இந்த மண்ணைப் பற்றி. பக்கத்து லைனில் ஒரு குடும்பம் ஊர்த் திருவிழாவுக்குப் போகிறது, அவர்களோடு பவுரிங்பேட்டை போய் ரயில் மாற்றி அனுப்புவதாக ஏற்பாடு. அவளுடைய இரண்டு பாவாடை, ஒரு போர்வை, பொரி உருண்டை எல்லாம் வைத்து மூட்டை கட்டினேன். மறுநாள் காலை கிளம்ப வேண்டும். மூட்டையைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தூக்கி இறக்கினால் மறுபடியும் ஏறி உட்காருவாள்.

மூட்டை கட்டிய நாளுக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. மத்தியானம் நான் வாசலுக்கு வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் உள்ளே தூக்கம், கொழுந்தன் சுரங்கத்தில். திடீரென்று என்னவோ ஆனது. என்னவென்று முதலில் தெரியவில்லை. மயக்கம் வருகிறதோ என்று சுவரைப் பிடித்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஆலை நின்றுவிட்டது.

நான் அங்கே வாழ வந்த பிறகு அப்படி ஓர் அமைதியை ஒருநாளும் கேட்டதில்லை. முறத்தில் அரிசி சரிகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு காகம் கத்தியது, தூரத்தில் ஒரு மாட்டின் மணி. லைன் முழுக்கக் கோணிகள் விலகின, தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இத்தனை வருஷமாக இடித்த இடி எழுப்பாதவர்களை அது நின்றது எழுப்பிவிட்டது. என் வீட்டுக்காரரும் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“இன்னாமே ஆச்சி?”

எனக்கு முதலில் கொழுந்தன்தான் நினைவுக்கு வந்தான். ஆலை நின்றால் கேஜும் நின்றதோ, கீழே என்ன ஆனதோ. எல்லோருக்கும் அதே நினைப்பு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகச் சுரங்க வாயிலைப் பார்த்து ஓடினார்கள். நானும் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பாதி தூரம் போவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா எதிரில் வந்துகொண்டிருந்தாள்.

“ஒண்ணும் இல்லமே, ஓடாத. மயைல எங்கியோ கரண்டு கம்பி அறுந்துபூட்ச்சாம். ஆலை மட்டுந்தான் நின்னுது. கேஜ் ஆவியில ஓடுது, ஆளுங்க மேல வந்துகினுதான் கீறாங்க.”

அப்போதெல்லாம் ஆலைக்கு மின்சாரம் வந்த புதிது. அதை எங்கோ தூரத்து ஆற்றிலிருந்து கம்பியில் கொண்டுவருகிறார்கள் என்பார்கள், எங்களுக்கு அது பாதி நம்பிக்கைதான். எப்படியோ, உயிர் வந்தது. உடனே வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் நினைவு வந்து திரும்பி ஓடினேன். வீட்டுக்காரர் பின்னால் வந்தார். தூரத்திலேயே மகன் வீறிட்டு அழுவது கேட்டது, பிறந்ததிலிருந்து அந்த இடியில் தூங்கியவன், அது நின்றதும் பயந்துவிட்டான். நான் வாசலை நெருங்கும்போது அழுகை குறைந்தது. தேம்பலானது. நின்றது.

கோணிக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

சருகு நகர்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அதில் வார்த்தைகள் இருந்தன. லைன் பெண்கள் யாரோ உள்ளே புகுந்து பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கோணியை விலக்கினேன். உள்ளே வேறு யாரும் இல்லை. என் மகள் மூட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டு, தூளிக்குள் குனிந்து, தம்பியின் காதில் வாயை வைத்திருந்தாள்.

“அயாத தம்பி. சத்தம் போடாத. நைனா தூங்குது. சத்தம் போட்டா அம்மா மொறைக்கும்.”

கோணியைப் பிடித்தபடியே கேட்டேன். நான் கிசுகிசுக்கிற அதே கிசுகிசுப்பு, அதே ஏற்ற இறக்கம், ‘நைனா தூங்குது’ என்பதில் நான் கொடுக்கிற அதே அதட்டல். தங்குதடையில்லாமல் பேசினாள். இன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இல்லை அது. எத்தனை நாளாகப் பேசுகிறாளோ, என்னவெல்லாம் சொன்னாளோ. எங்கள் வீட்டில் மனிதர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசியிருக்கிறாள். ஆலை இடித்த இடியில் அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. தூளியில் கிடந்த அந்த ஒரு பயல் காதில் மட்டும் ஏறியிருக்கிறது.

அவன் மறுபடி சிணுங்கினான். உடனே அவள் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு, அவன் காதில் சொன்னாள்.

“ஆண்டவரே, இவர மேல கொண்டாந்து வுடும். இவரு தம்பிய மேல கொண்டாந்து வுடும். எம் பொண்ணுக்குப் பேச்சக் குடும். ஆமென்.”

ஒரு சொல் விடவில்லை. என் பெண்ணுக்குப் பேச்சைக் கொடும் என்று என் பெண்ணே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் அந்த உதட்டசைவைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன். பழக்கம் விடுமா?

வீட்டுக்காரர் என்ன என்ன என்று கேட்டார். நான் சாடை காட்டினேன், அவருக்கு விளங்கவில்லை. எழுந்து அவர் தலையைப் பிடித்து இழுத்து அவர் காதை மகளின் வாய்க்கு நேராக வைத்தேன். பட்டப்பகலில் நைனா விழித்து நிற்பதைப் பார்த்து அவள் மிரண்டாள். தன் உதட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்புறம் மெதுவாக அவர் காதைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நைனா, தூங்கலியா?”

அவர் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனார். கேட்டதா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“தூக்கம் பூட்ச்சிடா கண்ணு,” என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையாலேயே மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். பொரி உருண்டையை எடுத்து அவளுக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றைத் தின்றார்.

செய்தி லைன் முழுவதும் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா தன் அம்மன் முந்திக்கொண்டாள் என்று சொல்லி, சொன்னபடியே வெள்ளி நாக்கு செய்து போட்டாள். உபதேசியார் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார். இரண்டுக்கும் போய் நின்றேன். மனசுக்குள் எனக்கு வேறு எண்ணம். நாங்கள் இரண்டு சாமியையும் விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தோம், கொடுத்ததைக் காது கொடுத்துக் கேட்கத்தான் எங்களுக்கு நேரமில்லாமல் போனது. இதை உபதேசியாரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அது சரிதாம்மா, ஆனா பிரசங்கத்துல நான் சொல்லமுடியாது,” என்றார்.

ஆலை நின்ற அன்றே பொழுது சாயும் நேரத்துக்குக் கம்பியைச் சரிசெய்துவிட்டார்கள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது. வழக்கம்போல் விளக்கேற்றி ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். கொழுந்தன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் காதில் முதல் விண்ணப்பத்தைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவது இனி தேவையில்லை என்று நிறுத்திவிட்டு ஆமென் சொல்லப் போனேன். அவள் என் வாயைப் பொத்தினாள். என் தலையைத் தன் பக்கம் இழுத்துக் காதில் சொன்னாள்.

“இன்னும் முடியல. எம் பொண்ணுக்குப் பேச்சக் குடும்னு சொல்லு.”

அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. தினமும் சொல்வதை நான் மறந்துவிட்டேன், மறந்தால் நைனா மேலே வராமல் போய்விடுவாரோ என்றுதான் அவள் பயம். நான் சொன்னேன். அந்த வீட்டில் முதல் தடவையாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, என் பழைய தொண்டையைத் திறந்து சொன்னேன். பாயில் கொழுந்தன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். வீட்டுக்காரர் அவனைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார்.